தோன்னா எர்சீலியாவின் அமெரிக்கர்கள்

தோன்னா எர்சீலியாவின் சோதனைக்குத் தப்பி எந்த அமெரிக்கரும் எங்கள் கட்டடத்திலிருந்து தெருவில் கால் வைத்ததில்லை.

நேப்பிள்ஸில், ஃபோரியா தெருவுக்குப் பின்னால் இருக்கும் பழைய கட்டடம் எங்களுடையது. பெரிய மரக்கதவைத் தாண்டி உள்ளே வந்தால் இடது பக்கம் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு ஹீட்டர், மாதா படம், எர்சீலியா. வாசலைப் பார்த்துக்கொள்வது, படிக்கட்டு கழுவுவது, தபால் வாங்கி வைப்பது, ஒவ்வொரு வீட்டின் சாவியிலும் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. கணவர் அனியெல்லோ பார்த்த வேலை அது. அவர் போனபின் இவர் கைக்கு வந்தது. வக்கீலானாலும் பழக்கடைக்காரரானாலும் எல்லாரும் பெயருக்கு முன்னால் மரியாதையாக 'தோன்னா' சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவோம்.

நாலாம் மாடி மிரெல்லா, தன் அம்மா இருந்த வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தபிறகு, கட்டடத்துக்குள் பெட்டிச் சக்கரச் சத்தம் ஓயவில்லை. ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். எர்சீலியா அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. "அவங்க யாரையும் நம்ப மாட்டாங்க. அவங்களுக்கு நான் எதுக்கு?" என்பார். அமெரிக்கர் வந்தால் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பாவாடை சட்டை வயதில் அவர் பஞ்ஞோலிப் பக்கம் அமெரிக்க ராணுவ அதிகாரிகளின் வீடுகளில் வேலை செய்தவர். கடலோரப் பகுதி அது. அங்கே ஒரு அதிகாரியின் மனைவி வாசல் கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டுக் கடலில் குளிக்கப் போவாளாம். இவருக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த அம்மாளே கார் ஓட்டிக்கொண்டு வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து சூப் ஊட்டினாளாம். "அவங்க நல்லவங்கம்மா. கதவு பூட்டத்தான் தெரியாது" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அவருடைய ஆங்கிலமும் அந்த வீடுகளில் கற்றதுதான். அதாவது, அந்த வீட்டுக் குழந்தைகளை அவர்களின் அம்மாக்கள் அதட்டிய ஆங்கிலம். அதனால் நரைத்த தாடி வைத்த பேராசிரியர்களிடமும் அவர் அதே பாஷையில்தான் பேசுவார். "நில்லு. கையைக் காட்டு. அது என்ன பாக்கெட்ல? இங்க வா." அவர்களும், ஏனோ தெரியாது, நின்று காட்டுவார்கள்.

பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றச் சொல்வார். தோள்பையைக் குறுக்காக மாட்டி, சுவர்ப் பக்கம் தள்ளிவிடுவார். ஒருநாள் ஒரு இளைஞன் பெருமையாகச் சட்டையைத் தூக்கி, வயிற்றில் கட்டியிருந்த பணப்பையைக் காட்டினான். எர்சீலியா தலையில் அடித்துக்கொண்டார். ஆங்கிலம் போதாமல் என்னைக் கூப்பிட்டார். நான் தபால் நிலையத்தில் வெளிநாட்டுப் பார்சல் பார்க்கிறவள், கொஞ்சம் ஆங்கிலம் வரும்.

"இவன்கிட்ட சொல்லும்மா. ஐஸ்கிரீம் வாங்குறப்ப எல்லாம் நடுத்தெருவுல நின்னு தொப்புளைக் காட்டினா, பணம் எங்க இருக்குன்னு ஊருக்கே பறையடிச்ச மாதிரி. சில்லறையை பாக்கெட்ல வெச்சுக்க, மிச்சத்தை வீட்ல வெச்சுட்டுப் போன்னு சொல்லு."

திருட்டு மட்டும் அவர் கவலை இல்லை. எதிரே பழக்கடை வைத்திருக்கும் மிம்மோவின் பீச் பழங்களை ஒரு அமெரிக்கப் பெண் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டாள். மிம்மோ போட்ட கூச்சலில் அவள் அழுதே விட்டாள். எர்சீலியா துடைப்பத்தோடு தெருவைக் கடந்தார். முதலில் மிம்மோவுக்கு: "ஏன்டா, பச்சைப்புள்ள மாதிரி நிக்குது, அதுகிட்டயா உன் வீரத்தைக் காட்டுற?" பிறகு அந்தப் பெண்ணுக்கு: "முதல்ல காலை வணக்கம் சொல்லணும். அப்புறம் விரலால காட்டணும். தொடுறது அவன் வேலை, திங்கறது உன் வேலை." அன்று அந்தப் பெண் ஒரு பை நிறையப் பழத்தோடு திரும்பி வந்தாள். மிம்மோ மேலே இரண்டு அத்திப்பழம் போட்டுக் கொடுத்திருந்தான்.

இப்படி இருந்தவருக்குத்தான் அந்த அக்டோபர் கடைசியில் அது நடந்தது.

லொரேன், வெண்டல் என்று ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். நெப்ராஸ்கா என்ற இடத்திலிருந்து. லொரேன் எங்கள் வாசல்கதவு அளவுக்கு உயரம். ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். வெண்டல் அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். லொரேன் அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். வந்த முதல் நிமிடமே எர்சீலியாவைக் கட்டி அணைத்துத் தூக்காத குறையாக உலுக்கினாள். எர்சீலியா மரக்கட்டையாக நின்றார். பழகாதவர்கள் கை கொடுப்பார்கள், பழகியவர்கள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார்கள். இந்தக் கட்டிப்பிடி எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை சோதனை. வெண்டல் சொன்னபடி எல்லாம் செய்தார். லொரேன் மட்டும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளுடைய சிவப்புப் பை ஒற்றைத் தோளில் ஆடிக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷம் பனியில பஸ் ஓட்டியிருக்கேன். பஸ் நிறைய பசங்க. ஒருத்தனையும் தொலைச்சதில்ல. ஒரு பையைப் பாத்துக்க மாட்டேனா?" என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். எர்சீலியா மூக்கை உறிஞ்சினார். "பசங்க தொலைஞ்சா திரும்பி வருவானுங்க. பை வருமான்னு கேளு."

இரண்டு நாள் இந்தச் சண்டை நடந்தது. ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துவிட்டது என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, அவர்கள் இருவருக்கும்தான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் எர்சீலியா சந்தைக்குக் கிளம்பினார். கண்ணாடி அறையைப் பூட்டி, சாவிக்கொத்தைத் தன் கறுப்புக் கைப்பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டினார். நானும் வேலைக்குப் போக அப்போதுதான் கீழே இறங்கினேன். வாசலுக்கு வெளியே லொரேன் மட்டும் நடைபாதை விளிம்பில் நின்று தொலைபேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பை வண்டிகள் போகிற பக்கம் தொங்கியது.

"சிஞ்ஞோரா! சிஞ்ஞோரா! பை!" என்று எர்சீலியா கத்தினார். 'அம்மா' என்று கூப்பிட எங்கள் சொல் அது.

லொரேன் நிமிர்ந்து சிரித்துக் கையை ஆட்டினாள். எர்சீலியாவால் பொறுக்க முடியவில்லை. ஓடிப் போய், அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, சிவப்புப் பையைக் கழற்றிச் சுவர்ப் பக்கத்துத் தோளில் மாட்டினார். அதற்கு அவர் தெருவுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியிருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது நான் வாசற்படியில் இருந்தேன். இரண்டு பேர், ஹெல்மெட். பின்னால் இருந்தவனின் கை நீண்டது. எர்சீலியாவின் கறுப்புப் பை அவர் தோளோடு இழுபட்டது, வார் அறுந்தது, அவர் கல்தரையில் விழுந்தார். ஸ்கூட்டர் முனை திரும்பிவிட்டது. மிம்மோ ஒரு தர்பூசணித் துண்டை வீசினான், அது நின்றிருந்த கார் மேல் விழுந்து சிதறியது.

பிறகு மிம்மோதான், நல்லெண்ணத்தோடுதான், சத்தமாகச் சொன்னான். "தோன்னா எர்சீலியாகிட்டயேவா!"

அடிபட்ட மணிக்கட்டைவிட அவருக்கு அந்த வார்த்தைதான் வலித்தது. நான் முகத்தைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். பிறகு போலீஸ் நிலையம். புகார் எழுதிக்கொண்டிருந்த சின்ன வயசுப் போலீஸ்காரப் பையன் கேட்டான். "பை எந்தப் பக்கம் இருந்துச்சு, சிஞ்ஞோரா?" எர்சீலியா தரையைப் பார்த்தார். எங்களோடு வந்திருந்த லொரேனுக்குக் கேள்வி புரிந்துவிட்டது.

"என்னாலதான்னு எழுதிக்கச் சொல்லுங்க. நான்தான் சொன்னா கேக்காதவ" என்றாள். அந்தப் பையன் எழுதவில்லை. அதற்கு அவன் படிவத்தில் இடமில்லை.

பைக்குள் எல்லா வீட்டுச் சாவியும் இருந்தது. முகவரியோடு அடையாள அட்டையும் இருந்தது. கட்டடத்தில் ஒரு பூட்டைக்கூட இனி நம்ப முடியாது. முதல் மாடி வக்கீல் ஜெந்தீலே, கட்டடத்துச் சங்கத்துக்குத் தலைவர், அன்று மதியமே படியில் நின்று பேச ஆரம்பித்தார். "நான் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன். வாசல்ல ஒரு கேமரா, ஒரு ஸ்பீக்கர். அதுக்குப் பையும் கிடையாது, மணிக்கட்டும் கிடையாது." கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் கீழே கண்ணாடி அறையின் ஜன்னல் திறந்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எர்சீலியா அந்த ஜன்னலைச் சாத்தினார். முற்றத்தின் மூலையில் இருக்கும் தன் ஒற்றை அறைக்குள் போய்க் கதவையும் சாத்திக்கொண்டார். மறுநாளும் வெளியே வரவில்லை. நான் கொண்டுபோன பாஸ்தாவைக் கதவு இடுக்கில் வாங்கிக்கொண்டார். "தெருவுல என்ன பேசிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க கை எப்படி இருக்குன்னு கேக்கறாங்க."

"பொய் சொல்லாத. சிரிக்கறாங்க. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவ நான்."

கண்ணாடி அறை இருட்டாகக் கிடந்தது. அன்று முற்றத்தைப் படம் எடுக்க உள்ளே வந்த ஒரு அமெரிக்கக் குடும்பம், கழுத்தில் பெரிய கேமரா தொங்க, யாரும் தடுக்காமல் தெருவுக்குப் போனது. பார்க்கவே என்னவோ போலிருந்தது.

லொரேனால் சும்மா இருக்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் மதியம் நான் வேலையிலிருந்து திரும்பும்போது, மிம்மோ கடை வாசலில் நின்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டிருந்தான். வாசலைக் கைகாட்டி, "உள்ள ஓடு, சீக்கிரம் ஓடு" என்றான். முற்றத்துக்குள் போனால், லொரேன் எர்சீலியாவின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் கையில், குழந்தையைத் தூக்கியதுபோல, ஒரு பெரிய கொத்து மஞ்சள் சாமந்தி.

எங்கள் ஊரில் சாமந்தி செத்தவர்களுக்கு மட்டும்தான். அக்டோபர் கடைசியில் பூக்கடை எல்லாம் அதனால் நிரம்பி வழிவது கல்லறைத் திருநாள் வருவதால்தான். உயிரோடு இருப்பவர் வீட்டுக்கு அதைக் கொண்டுபோவது, பாடை கட்டிக்கொண்டு போவதற்குச் சமம்.

"லொரேன், வேண்டாம்!" என்று நான் கத்தியதும் கதவு திறந்ததும் ஒன்றாக நடந்தன.

எர்சீலியா நின்றார். பூவைப் பார்த்தார். லொரேனைப் பார்த்தார். மறுபடி பூவைப் பார்த்தார். மேல்மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன.

"யார் செத்தா?" என்றார் எர்சீலியா.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கூடவே சாமந்தி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். லொரேனின் முகம் காதுவரை சிவந்தது. பூவை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தாள். அவ்வளவு பெரிய கொத்து எங்கே ஒளியும்? இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது.

எர்சீலியாவின் வாய் கோணியது. அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கையிலதானே அடி! அதுக்குள்ள அடக்கம் பண்ண வந்துட்டாளே இவ!" மேலே மிரெல்லா சிரித்தாள். வக்கீல் வீட்டம்மாவும் சிரித்தார். கடைசியில் லொரேனும்.

சிரித்து முடித்ததும் எர்சீலியா ஸ்கார்ஃபை எடுத்துத் தலையில் கட்டினார். "இதை ராத்திரி வீட்ல வெச்சுக்க முடியாது. குப்பையிலயும் போட முடியாது, பாவம். இது அனியெல்லோவுக்குத்தான். எப்படியும் நான் போகவேண்டிய வாரம். வா, நீயும் வா."

'நீங்க' என்றுதான் அதுவரை அவர் அவளை எங்கள் பாஷையில் சொல்லி வந்தார். அந்த 'நீ'யை ஆங்கிலத்தில் சொல்ல வழியில்லை. நான் லொரேனுக்கு அதை விளக்கிச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று பேரும் கிளம்பினோம். வாசலைத் தாண்டும்போது எங்கோ ஒரு ஸ்கூட்டர் உறுமியது. எர்சீலியாவின் கால் நின்றுவிட்டது. அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததே இல்லை. லொரேன் தெருப் பக்கமாக வந்து நின்று, தன் நீளக் கையை அவர் தோளைச் சுற்றிப் போட்டாள். அந்த ஆகிருதியைத் தாண்டி ஸ்கூட்டர் என்ன, லாரி வந்தாலும் யோசிக்கும். மிம்மோ தொப்பியைக் கழற்றினான். "வணக்கம், தோன்னா எர்சீலியா. கை தேவலையா?" அவர் தலையை ஆட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

கல்லறைக்குப் போகிற பஸ்ஸில் நெரிசல். எர்சீலியாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவருக்கு முன்னால் லொரேன், சாமந்தியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, முழங்கையை விரித்து, வருகிற போகிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டு நின்றாள். ஓர் ஆள், நல்ல கோட்டுப் போட்டவன், ஓரிரு இடம் காலியான பிறகும் அதில் உட்காராமல் கதவுப் பக்கத்துக் கூட்டத்தில் இடித்து இடித்து நகர்ந்துகொண்டிருந்தான். எர்சீலியா கண்ணால் காட்டினார். "அவன் கையைப் பாரு."

லொரேன் மூச்சை இழுத்து ஒரே ஒரு அதட்டல் போட்டாள். "உட்காரு!"

ஆங்கிலம்தான். ஆனால் முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்த குரல். பஸ்ஸே அமைதியானது. அந்தக் கோட்டுக்காரன் உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு பாதிரியாரும் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் கோட்டுக்காரன் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனான். எர்சீலியா திரும்பி என்னைப் பார்த்தார். "கத்துக்கிட்டா" என்றார், அவ்வளவு பெருமையாக.

அனியெல்லோவின் கல்லறையில் பூவை வைத்துவிட்டு எர்சீலியா அவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னார். பை போனது, மணிக்கட்டு, வக்கீல் சொன்னது. லொரேன் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை புரியாமல், கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

பூட்டுகளின் விஷயம் வெண்டலால் தீர்ந்தது. பூட்டுக்காரன் அடுத்த வாரம்தான் வருவேன் என்று சொல்லியிருந்தான். வெண்டல் மிரெல்லாவின் கதவுப் பூட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஒரே ஒரு ஸ்க்ரூ. நான் மாத்திடறேன்" என்றார். நான் அவர் வாயிலிருந்து கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். சாமான் கடையிலிருந்து புதிய பூட்டுகள் வந்தன. மேலிருந்து படிப்படியாக இறங்கி, வீடு வீடாக மாற்றினார்.

அவருக்கு எர்சீலியா ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "காபி குடுத்தா வேண்டாம்னு சொல்லாத. சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும்." அவரும் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் கடுங்காபி, கூடவே ஒரு குவளைத் தண்ணீர், கூடவே ஏதாவது பலகாரம். எதையும் மறுக்கவில்லை. ஐந்தாம் வீட்டில் ஸ்க்ரூடிரைவர் நடுங்க ஆரம்பித்தது. எட்டாம் வீட்டில் அவர் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டார். தன் அப்பாவைப் பற்றி, ஆலங்கட்டி மழை பற்றி, ஒரு நாயைப் பற்றி. லொரேன் படியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இதையெல்லாம் எங்கிட்ட சொன்னதில்ல."

கடைசியாக வக்கீல் வீடு. வக்கீல் கதவருகில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். புதுப்பூட்டுக்கு இரண்டு சாவி. வெண்டல் ஒன்றை அவரிடம் கொடுத்தார். இன்னொன்றை, மற்ற வீடுகளுக்குச் செய்ததுபோலவே, எர்சீலியாவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. வக்கீலைப் பார்த்தார்.

"அது உங்க இஷ்டம், அவ்வொக்காத்தோ" என்றார். வக்கீல்களை நாங்கள் கூப்பிடுவது அப்படித்தான்.

வக்கீல் பேசுவதற்குள் உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "போன குளிர்காலத்துல நீங்க குளியலறையில மாட்டிக்கிட்டப்ப ஸ்பீக்கரா வந்து திறந்துச்சு?"

வக்கீல் இருமினார். "வெச்சுக்குங்க, தோன்னா எர்சீலியா" என்றார். "எங்களுக்கு... பழக்கமாயிடுச்சு." கேமரா பற்றிய கூட்டம் தள்ளிப்போடப்பட்டது. இன்றுவரை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

கறுப்புப் பை கிடைக்கவே இல்லை. மழைக்காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்பார். தெருவைக் கடக்கும்போது முன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்குவதில்லை, என் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் பூட்டெல்லாம் மாற்றிய மறுநாளே கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது.

லொரேன் ஊருக்குப் போனபின், மிரெல்லா எர்சீலியாவுக்குப் படம் தெரிகிற ஒரு தொலைபேசி வாங்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்குப்பின் அது மணியடிக்கும். இருவரும் கத்துவார்கள், இவர் எங்கள் பாஷையில், அவள் அவளுடைய பாஷையில். நான் மொழிபெயர்க்கப் போனால், "நீ உக்காரு, நாங்க பேசிக்கறோம்" என்பார். போன ஞாயிறு லொரேன் தொலைபேசியை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். கண்ணுக்கெட்டிய தூரம் பனி, ஒரு வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை. அந்த வெள்ளைக்கு நடுவே வெண்டல் மண்வெட்டியோடு, தலையில் ஒன்றும் போடாமல், கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

எர்சீலியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "தொப்பி எங்க? டேய் வெண்டல்! உள்ள போ! போய்த் தொப்பி போட்டுட்டு வா!"

அவர் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடினார்.